பெட்டியை விடுங்கள், படத்தைக் காட்டுங்கள்: வீட்டுக்குப் போட்டோ பிரிண்டர் வாங்குவோரின் கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: இந்தியாவில் இங்க்ஜெட் பிரிண்டர் விற்கும் நிறுவனங்கள், அவற்றின் முகவர்கள், கடைக்காரர்கள், ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை.

விடுப்போர்: வீட்டிலேயே படம் அச்சிட விரும்பும் தமிழ்நாட்டுக் குடும்பத்தார்.

கல்யாண ஆல்பம் போடுவது ஸ்டுடியோக்காரர் வேலை. அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் செல்போனுக்குள் அடைந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் சிலவற்றையாவது கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறோம். பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்க நினைக்கிறோம். அதற்காகத்தான் நல்ல போட்டோ பிரிண்டர் ஒன்றைத் தேடிக் கடை ஏறுகிறோம்.

சென்னை ரிச்சி தெருவின் சின்னக் கடையானாலும் மாலில் உள்ள பெரிய ஷோரூம் ஆனாலும், அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது ஒன்றுதான்: 5760 x 1440 டிபிஐ, வைஃபை உண்டு, நிமிடத்துக்கு இத்தனை பக்கம். டிபிஐ என்பது மைப்புள்ளியை எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியும் என்ற கணக்கு. படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தாலே கண்ணுக்குப் போதும். நாலுக்கு ஆறு அளவுப் படத்துக்கு 1200 x 1800, அதாவது ஏறத்தாழ 22 லட்சம் பிக்சல். விலை குறைந்த செல்போன் கேமராவே இதை எப்போதோ தாண்டிவிட்டது.

வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. எங்கள் வீட்டு நிறங்கள் தாளில் ஒழுங்காக விழுமா? விழுந்த படம் எத்தனை வருடம் நிற்கும்? ஒரு படத்துக்கு மொத்தமாக என்ன செலவு? இவற்றுக்குப் பதில் பெட்டியில் கிடைப்பது அரிது. கடைக்காரரிடம் கேட்டால் கிடைப்பது அதைவிட அரிது. படத்தைக் காட்டித்தான் பிரிண்டரை விற்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. கீழே வருபவை அதன் விவரங்கள்.

1. எங்கள் முகத்தை அச்சிட்டுக் காட்டுங்கள்

ஷோரூமில் மாதிரிக்கு மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். பனிமலை, பஞ்சவர்ணக்கிளி, செம்பட்டை முடியோடு ஒரு குழந்தை. எந்த பிரிண்டரும் இவற்றை அழகாக அச்சிட்டுவிடும். ஃபிலிம் காலத்தில், கலர் லேப்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் தந்த அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். அந்த அட்டைக்கு ஏற்ப லேப் சரியாக இருந்தால் கறுத்த முகம் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. ஃபிலிம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

கறுத்த மேனியை அச்சிடுவதுதான் பிரிண்டருக்கு உண்மையான பரீட்சை. கன்னத்தில் விழும் வெளிச்சம், தாடைக்குக் கீழே நிழல், எண்ணெய் வைத்து வாரிய கூந்தல் என எல்லாமே அடர்ந்த நிறங்களின் நெருக்கமான படிநிலைகள். மோசமான பிரிண்டர் அவற்றை ஒரே கறுப்பாக அப்பிவிடும்; அல்லது முகத்தில் செம்மண் சாயல் ஏற்றிவிடும். இன்னொரு பக்கம், நான்கே மைகள் கொண்ட பிரிண்டர் வெளிச்சமான இடங்களுக்கு அடர்ந்த மைப்புள்ளிகளை விலக்கி விலக்கி வைக்கிறது. அதனால் நெற்றியும் வேட்டியின் வெண்மையும் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. இதைத் தீர்க்கத்தான் ஆறு மை வந்தது. எப்சன் எல்8050 வழக்கமான நான்கோடு வெளிர் சயான், வெளிர் மெஜந்தா சேர்க்கிறது. கேனான் ஜி570 வேறு வழியில் போய்ச் சாம்பலும் சிவப்பும் சேர்க்கிறது. சாம்பல் மை இருந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ ஊதாவோ ஏறுவது குறையும். பாட்டி படத்தை அச்சிட வேண்டியவருக்கு இது முக்கியம். எட்டு மை கொண்ட கேனான் ப்ரோ-200, பத்து மை கொண்ட எப்சன் பி700 எல்லாம் இன்னும் மேலே. பணமும் இடமும் உள்ளவர்களுக்கு. இந்த வேறுபாடுகளை ஒரு கடையிலாவது யாராவது விளக்கிச் சொல்லியிருக்கிறார்களா?

பட்டுப்புடவை விஷயத்துக்கு வருவோம். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை ஆகியவை எல்லாம் பிரிண்டரின் நிற எல்லையை ஒட்டியோ தாண்டியோ நிற்பவை. மயில்கழுத்து நிறத்தில் ஊடு ஒரு நிறம், பாவு வேறொரு நிறம். கேமராவே அதில் தடுமாறும். ஜரிகையின் மினுக்கு இங்க்ஜெட்டுக்கு வசப்படாது, மஞ்சளும் பழுப்புமாகத்தான் விழும். முடியாததை முடியும் என்று சொல்ல நாங்கள் கேட்கவில்லை. எது வரும், எது வராது என்று வாங்குவதற்கு முன்பே கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, போட்டோ பிரிண்டர் என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஓடும் நிலையில் ஒரு மெஷின் இருக்க வேண்டும். கறுத்த முகம், மாநிற முகம், பட்டு, கருங்கல் சிலை, பழைய கறுப்பு வெள்ளைப் படம் அடங்கிய மாதிரித் தொகுப்பை நிறுவனமே தர வேண்டும். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவரும் படத்தையும் அச்சிட்டுக் காட்ட வேண்டும். தாளுக்கும் மைக்கும் காசு கேட்டால் கொடுக்கத் தயார்.

2. எத்தனை வருடம் நிற்கும் என்று எழுதிக் கொடுங்கள்

எங்கள் வீடுகளில் படத்துக்கு இருக்கும் இடம் ஆல்பம் மட்டும் அல்ல. மறைந்தவர் படம் கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கும். பகலெல்லாம் ஜன்னல் வெளிச்சம், இரவில் டியூப்லைட், கீழே விளக்கு, ஊதுவத்திப் புகை. தாத்தா காலத்து ஸ்டுடியோவில் கழுவிய வெள்ளி உப்புப் படம் இத்தனைக்கும் ஈடுகொடுத்து இன்றும் நிற்கிறது. பக்கத்தில் மாட்டிய இங்க்ஜெட் படமோ சில வருடங்களில் சோகை பிடித்து நிற்கிறது.

காரணம் தெரியாதது அல்ல. சாய மையின் மூலக்கூறுகளை ஒளி சிதைக்கும். காற்றில் உள்ள ஓசோனும் சிதைக்கும். சீக்கிரம் காயும் நுண்துளைத் தாளில் காற்று உள்ளே புகுவதால் ஓசோனின் வேலை இன்னும் சுலபம். 2000-ஆம் ஆண்டில் எப்சனின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 மாடல்களில் அச்சிட்ட படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சாக மாறியதாக அமெரிக்காவில் புகார் கிளம்பியது. சயான் மை காற்றுக்குத் தாங்காததே காரணம். பிறகு மைகள் நிறையவே தேறிவிட்டன. நிறமித் துகள்களால் ஆன பிக்மென்ட் மை சாய மையைவிட நெடுநாள் நிற்கும். ஆனால் பிக்மென்ட் போட்டோ பிரிண்டர் என்றால் தொழில்முறைக்காரருக்கான பெரிய மெஷின்தான் என்றாகிவிட்டது. ஏ4 அளவில், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒன்று வேண்டும் என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறோம்.

விளம்பரத்தில் 100 வருடம், 200 வருடம் என்கிறார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் ஆல்பத்துக்குள் இருட்டில் மூடி வைத்த படத்துக்கான கணக்கு. சுவரில் மாட்டிய படத்துக்குக் கணக்கு வேறு, கண்ணாடி இல்லாமல் மாட்டினால் இன்னும் வேறு. இத்துறையில் பெயர் பெற்ற அமெரிக்காவின் வில்ஹெல்ம் ஆய்வகம் தன் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது 24 டிகிரி வெப்பம், 60 விழுக்காடு ஈரப்பதம், நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம். நாகப்பட்டினத்தில் ஜன்னல் திறந்த வீட்டில் மே மாதம் 24 டிகிரியை யார் பார்த்தது?

ஒளிக்கு ஐஎஸ்ஓ 18937, ஓசோனுக்கு ஐஎஸ்ஓ 18941 என்று சோதனை முறைகள் இருக்கின்றன. அவற்றின்படி, இன்ன மை, இன்ன தாள் என்று குறிப்பிட்டு, கண்ணாடிக்குள், கண்ணாடி இல்லாமல், ஆல்பத்தில் என்று மூன்று எண்களைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். எங்கள் கடற்கரை ஊர்களின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் ஒருமுறை சோதித்து அந்த எண்ணையும் தாருங்கள். ‘ஆல்பத்தில் மட்டும்’ என்பதைப் பொடி எழுத்தில் ஒளித்துவிட்டு நூறு வருடம் என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடும் விளம்பரங்களை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாகவே விசாரணைக்கு எடுக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அதனிடம் இருக்கிறது.

3. ஒரு படத்தின் விலை

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மலிவு விலை காட்ரிட்ஜ் பிரிண்டரின் பொருளாதாரம் இவ்வளவுதான். காட்ரிட்ஜுக்குப் பதில் பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் வந்த பிறகு மை விலை வெகுவாகக் குறைந்தது உண்மை, அதற்காக நன்றியும் உண்டு. ஆனால் ‘ஒரு செட் மையில் ஆயிரக்கணக்கான பக்கம்’ என்ற எண்ணைப் போட்டோவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அது ஐஎஸ்ஓ 24712 தரத்தில் உள்ள, பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும் அலுவலகச் சோதனைப் பக்கங்களை வைத்து நிறுவனங்கள் தங்கள் சொந்த முறையில் கணித்த எண். போட்டோவோ தாளின் மூலை முடுக்கெல்லாம் மை குடிக்கும். போட்டோவுக்கென்றே ஐஎஸ்ஓ 29102 என்ற தரம் இருக்கிறது. அதன்படி வந்த எண்ணை முன்னால் போடுங்கள். முதல் முறை குழாய்களை நிரப்பவே கணிசமான மை போய்விடும். மை பீய்ச்சும் அச்சுத்தலையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் ஒவ்வொன்றும் மை தின்னும். அதையும் சேர்த்து, தாள் விலையும் கூட்டி, ‘நாலுக்கு ஆறு படம் ஒன்றுக்கு இத்தனை ரூபாய்’ என்று ஒரே வரியில் எழுதினால் போதும். பக்கத்துக் கலர் லேப் விலையோடு ஒப்பிட்டு வாங்குவதா வேண்டாமா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

4. கறுப்பு மை உண்மையில் வேலை செய்யுமா?

கவனிக்கப்படாத ஒரு விஷயம் இது. பல இங்க் டேங்க் மாடல்களில் கறுப்பு மட்டும் எழுத்துக்கான பிக்மென்ட், மற்றவை சாய மை. பளபளப்பான போட்டோ தாளில் அந்தக் கறுப்பு ஒட்டாது என்பதால் மெஷின் அதைப் பயன்படுத்தாமல், மற்ற மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பு மாதிரி ஒன்றை உண்டாக்குகிறது. கூந்தலும் கல்சிலையும் சேற்று நிறத்தில் வருவது இதனால்தான். கிளாஸி தாளில் கறுப்பு மை இறங்குமா என்று ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ போடுங்கள்.

5. பழுது பார்க்கும் உரிமை

ஹெட் கிளீனிங்கில் வழியும் மையும், ஓரம் விடாமல் அச்சிடும்போது தாளுக்கு வெளியே தெறிக்கும் மையும் மெஷினுக்குள் இருக்கும் ஒரு பஞ்சில் போய்ச் சேருகின்றன. வேஸ்ட் இங்க் பேட் என்பது அதுதான். பஞ்சில் எவ்வளவு மை சேர்ந்தது என்று மெஷின் வைத்திருக்கும் கணக்கு நிரம்பியதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒருநாள் விளக்குகளைச் சிமிட்டிவிட்டு நின்றுவிடும். கடைத்தெருவில் ‘ரீசெட்’ அடித்துத் தருகிறார்கள். பஞ்சை மாற்றாமல் எண்ணை மட்டும் அழித்தால் கொஞ்ச நாளில் மேசையெல்லாம் மை. கேனான் ஜி570 போன்ற மாடல்களில் நாமே கழற்றி மாற்றக்கூடிய பெட்டி வந்துவிட்டது. முடியும் என்பது நிரூபணமான பிறகு, எல்லா போட்டோ பிரிண்டரிலும் இது கட்டாயமாக வேண்டும்.

ஹெட் போனால் ‘புதுசே வாங்கிடுங்க சார்’ என்ற பதிலை இனி ஏற்க மாட்டோம். ஹெட்டின் விலையை வாங்கும்போதே சொல்லுங்கள். மாடல் நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரி பாகம் கொடுங்கள். ‘ஒரு வருடம் அல்லது இத்தனை பக்கம், எது முந்துகிறதோ அது’ என்ற வாரண்டியில் அந்தப் பக்கக் கணக்கைப் பில்லிலேயே எழுதுங்கள். நுகர்வோர் துறை 2022-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளத்தில் போட்டோ பிரிண்டர்களின் சர்வீஸ் கையேடும் உதிரி பாக விலையும் இடம்பெற வேண்டும். மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் காட்ரிட்ஜும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. காலி பாட்டிலையும் செத்த மெஷினையும் எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்று மட்டும் எங்கும் எழுதியிருப்பதில்லை.

6. பூட்டுப் போடாதீர்கள்

2016 செப்டம்பரில் ஹெச்பி நிறுவனத்தின் சில பிரிண்டர்கள், முந்தைய நாள்வரை ஏற்றுக்கொண்ட வேற்று காட்ரிட்ஜ்களைத் திடீரென நிராகரித்தன. மென்பொருளுக்குள் வைத்திருந்த பூட்டு அது. 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில், விற்ற காட்ரிட்ஜ் மீது காப்புரிமை சொல்லி உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கிய மெஷினில் எந்த மை ஊற்றுவது என்பது எங்கள் பொறுப்பு.

அதற்காகக் கடைத்தெருவில் கிடைக்கும் லிட்டர் மைக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. டீ கப்பிலும் டிஷர்ட்டிலும் படம் போடும் சப்ளிமேஷன் மையைப் போட்டோ மை என்று தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாய மையா, பிக்மென்ட்டா, சப்ளிமேஷனா என்று அவர்களும் பாட்டிலில் எழுத வேண்டும். தாள் விற்பவர்களும் அப்படியே: 180, 270 ஜிஎஸ்எம் என்ற எடை மட்டும் போதாது; பிசின் பூச்சா, வெறும் மேல்பூச்சா என்று சொல்லுங்கள், அந்தத் தாளில் நிறம் சரியாக விழ எங்கள் மெஷினுக்கான ஐசிசி ப்ரொஃபைல் என்ற நிறக் கோப்பையும் கொடுங்கள்.

எச்சரிக்கைக் குறிப்புகள் தமிழிலும் வேண்டும். குறிப்பாக ஒன்று: மெஷினை அதன் சொந்தப் பட்டனால் அணைக்காமல் சுவர் ஸ்விட்சைத் தட்டினால் ஹெட் தன் மூடிக்குள் போய் அமராமல், மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆங்கிலக் கையேட்டின் நடுவில் புதைந்திருக்கும் இந்த ஒரு வரியைத் தமிழில் ஸ்டிக்கராக ஒட்டினாலே எத்தனையோ ஹெட் பிழைக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வருடத்துக்கு இருபது முப்பது படம்தான் என்றால் பிரிண்டர் வேண்டாம், லேபுக்கே போங்கள். ஓடாத மெஷினில் ஹெட் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு படமாவது அச்சிடுகிறவர்கள் ஆறு மைக்குக் குறையாமல் பாருங்கள். கடைக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டு முகம் உள்ள படம் ஒன்றும், பட்டுப்புடவைப் படம் ஒன்றும் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். அச்சிட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.