பட்டியில் வீசிய கன்றும் பட்டிக்காரனின் காய்ச்சலும்

பெரும்போக விதைப்புக்கு வயல்கள் உழப்படுங்காலத்தில், மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்குச் செல்லும் மட்டக்களப்புப் பட்டிக்காரர்கள் அங்கே வாடியமைத்து மாதக்கணக்காகத் தங்குவார்கள். நிறைசினைக்கு முன்னரே பசுவொன்று கன்றை வீசிவிட்டால், விழாமல் நிற்கும் இளங்கொடியை வெறுங்கையால் இழுத்தெடுப்பவரும், அதைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு அதே கையோடு அடுத்த பசுவிற் பால் கறப்பவரும் அவர்களே. எறிந்ததை நாய் இழுத்துச் செல்லும். நிலத்திற் சிந்தியதை மற்றப் பசுக்கள் முகர்ந்து நக்கும். புரூசெல்லோசிஸ் என்னும் வியாதி மாட்டிலிருந்து மாட்டுக்கும் மனிதனுக்கும் தாவுவது பெரும்பாலும் இவ்விதமே.

வாரங்கள் சில கழித்து அந்தப் பட்டிக்காரருக்கு மாலைதோறும் காய்ச்சல் ஏறும். வியர்வை உடலை நனைக்கும். இடுப்பும் மூட்டுகளும் நோகும். டெங்கு என்றோ வேறு ஜுரமென்றோ எண்ணிக் காலம் போகும். உரிய மருந்துகள் இரண்டைச் சேர்த்து ஆறு வாரம் உட்கொள்ள வேண்டியிருக்க, காய்ச்சல் விட்டதும் இடையில் நிறுத்திவிட்டால் நோய் திரும்ப வரும். ‘மாடு கன்று வீசியதா?’ என்று வைத்தியர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எவ்வளவோ துன்பம் குறைந்திருக்கும்.

மால்டாத் தீவிற் பிரித்தானியப் படையினரை வாட்டிய இதே காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் கண்டது 1887 இல். அது நோயின் அறிகுறியேயில்லாத ஆடுகளின் பாலில் வருகிறதென்பது வெளிப்பட்டதோ 1905 இல், அத்தீவிலேயே பிறந்த வைத்தியர் தெமிஸ்தொக்கிள்ஸ் சமித் ஆடுகளின் இரத்தத்தைப் பரீட்சித்த பின்னரே. மறுவருடம் படையினருக்கு அந்தப் பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் வெகுவாக அடங்கிற்று. மனித வைத்தியம் ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்தபோதுதான் அங்கே வழி பிறந்தது. நம் நாட்டு மாடுகளில் இந்நோய் 1956 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தும், மிருக வைத்திய அலுவலகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் இதைத் தத்தம் தனிக்கருமமாகவே கொள்வது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

இதைக் கேட்டு எவரும் மட்டக்களப்பு எருமைத் தயிரை வெறுத்துவிட வேண்டாம். பொங்கக் காய்ச்சிய பாலிற் கிருமி பிழைப்பதில்லை. உறையூற்றும் சட்டியில் குற்றமில்லை. மடியிலிருந்து கறந்த சூட்டோடு பச்சைப்பாலைக் குடிக்கும் வழக்கமே ஆபத்தானது.

கன்று வீசிய செய்தியைப் பட்டிக்காரர் மறைப்பது அறியாமையால் மட்டுமன்று. நோயென்று தெரிந்தால் அந்தப் பசுவை யார் வாங்குவார்? அறுக்கக் கொடுக்கவும் மனம் வராது. ஆகவே அது சத்தமின்றி வியாபாரியிடம் கைமாறி, நோயையுங் கொண்டு வேறொரு பட்டியிற் சேர்கிறது. உண்மையைச் சொன்னவருக்கு நட்டஈடு உறுதியாகக் கிடைக்கும் என்ற நிலை வந்தாலன்றி, எந்தப் பிரசங்கமும் அவரை வாய்திறக்கச் செய்யாது.

செய்யக்கூடியவை நம் கைக்கு எட்டியவையே. நான்கு முதல் எட்டு மாதப் பசுக்கன்றுகளுக்குரிய எஸ்-19 தடுப்பூசியை, பட்டி காட்டுக்குப் புறப்படுமுன் ஊரிலேயே போட்டுவிடலாம். அது உயிருள்ள கிருமியாலானது, ஆகையாற் பயிற்சி பெற்றவரே போட வேண்டும். பட்டிக்காரருக்கு நீண்ட கையுறையும், வீசிய கன்றையும் கொடியையும் ஆழப் புதைக்கச் சுண்ணாம்பும் இலவசமாய் வழங்கலாம். ஒரு பசுவின் இரத்தத்தில் நோய் உறுதியான அன்றே, அதைக் கறந்தவர் வீட்டுக்குச் சுகாதாரப் பரிசோதகரும் போக வேண்டும்.