பெட்டரி வாங்க முதல் எர்த் வயரைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வேன், ஓட்டோ, லொறி வைத்திருக்கிற சகோதரர்களும், அவற்றில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிற பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

வாகனத்தில் ஒரு லைட் எரியவே இல்லை என்றால் அது சின்னப் பிரச்சினை. எரிகிறது, அணைகிறது, கராஜுக்குக் கொண்டு போனால் நல்ல பிள்ளையாக எரிகிறது என்றால் அதுதான் பெரிய பிரச்சினை. இலங்கைத்துறைப் பக்கம் பாடசாலைக்குப் போய்வருகிற ஆசிரியர்கள் நாங்கள் ஐந்து பேர். தொண்ணூறுகளில் வந்த ஒரு டீசல் வேனில்தான் பயணம். கடந்த மாரி முழுக்க அந்த வேன் காட்டிய கூத்து இதுதான். சில நாள் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகும். சில நாள் 'டிக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. ஓடும்போது ஹெட்லைட் மங்கும், ஒரு குழியில் விழுந்து எழுந்தால் பளிச்சென்று வரும்.

மாலை வகுப்பு முடிந்து சாதாரண தரப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிற பாதை அது. பொழுது பட்டால் யானை நிற்கிற பாதையும் அதுதான். பல்புக்குப் போகிற வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். கறுத்த ரோட்டில் கறுத்த யானையை அந்த வெளிச்சத்தில் எவ்வளவு தூரத்தில் காண்பது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வேன் உரிமையாளர் சும்மா இருக்கவில்லை. மூன்று இடங்களில் காட்டினார். முதலில் புதுப் பெட்டரி, அரை இலட்சத்துக்கு மேல். அது போட்டதும் பத்து நாள் நன்றாக ஓடியது. பழுது பெட்டரிதான் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். பதினோராம் நாள் மறுபடி 'டிக்'. அடுத்த இடத்தில் ஒல்டர்னேட்டரைக் கழற்றிச் செய்தார்கள். பிறகு இக்னிஷன் சுவிட்ச். ஹெட்லைட் போட்டதும் வெப்பம் காட்டுகிற ஊசி மேலே போவதைக் கண்ட ஒருவர், ஹெட் கேஸ்கட் போய்விட்டது, என்ஜினைத் திறக்க வேண்டும் என்றார். திறந்திருந்தால் பெருநாள் செலவு முழுக்க அதோடு போயிருக்கும்.

இங்கேதான் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். லைட் சுவிட்சைத் தட்டிய அதே வினாடியில் என்ஜின் சூடாகுமா? ஆகாது. ஊசி மட்டும்தான் ஏறுகிறது. அப்படியென்றால் மின்சாரம் தான் போக வேண்டிய வழியில் போகவில்லை.

கடைசியில் இதைக் கண்டுபிடித்தவர் மூதூர்ப் பக்கத்து வயதான வயரிங் பாஸ் ஒருவர். பெயர் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. வேனைத் திறக்க முதல் அவர் கேட்டது கேள்விகள்தான். எப்ப நிற்குது? சூட்டிலயா, மழையிலயா? அந்த நேரம் வேற என்ன லைட் எரிஞ்சுது? பதில் சரியாக இல்லை என்று ஒரு கொப்பியைக் கொடுத்து ஒரு கிழமை எழுதச் சொன்னார். "சேர், எரியாத லைட்டக் காட்டுங்க, நான் எரிய வைக்கிறன். வந்து வந்து போறதக் காட்டுங்கண்டா நான் எங்க போறது? அது எப்ப வருதுண்டு நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றார். நாங்கள் எழுதினோம். குழியில் விழுந்தால் லைட் கூடுகிறது, லைட் போட்டால் ஊசி ஏறுகிறது, நீண்ட இரவு ஓட்டத்துக்கு மறுநாள் காலையில்தான் ஸ்டார்ட் ஆவதில்லை. இந்த மூன்றையும் வாசித்துவிட்டு அவர் நேரே என்ஜினுக்கும் சேசிக்கும் இடையில் இருக்கிற எர்த் பட்டியைத் தேடிப் போனார்.

பார்வைக்கு அது நன்றாகத்தான் இருந்தது. மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தாலும் சுழியம். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நூறு இழை உள்ள பட்டியில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் சுழியம்தான் காட்டும். மீட்டர் அனுப்புகிற சின்ன மின்னோட்டத்துக்கு அந்த ஓர் இழை தாராளம். ஸ்டார்ட்டருக்கு அது போதாது.

பாஸ் மீட்டரை நேரோட்டம் 20 வோல்ட்டில் வைத்தார். ஒரு கம்பியைப் பெட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை என்ஜின் இரும்பின் சுத்தமான இடத்திலும் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். வழி சரியாக இருந்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டியது 3 வோல்ட். பெட்டரி கொடுக்கிற பன்னிரண்டில் மூன்று அந்தப் பட்டியிலேயே செத்துப் போகிறது.

சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் படிப்பிக்கிற ஓமின் விதிதான் இது. டீசல் ஸ்டார்ட்டர் 200 அம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 3 வோல்ட்டை 200 ஆல் வகுத்தால் 0.015 ஓம். நம்மிடம் இருக்கிற மலிவு மீட்டரால் அவ்வளவு சின்னத் தடையைக் காட்டவே முடியாது, அதன் சொந்தக் கம்பிகளின் தடையே அதைவிடக் கூட. ஆகவே ஓமில் பார்க்காதீர்கள். சுமை ஏறும்போது வோல்ட்டில் பாருங்கள்.

பிறகு ஜம்பர் வயரின் ஒரு நுனியை என்ஜினிலும் மற்றதைப் பெட்டரி மைனஸிலும் கௌவ வைத்தார். வேன் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகியது. மீட்டர் இல்லாதவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வயரை ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தூரமாக வைத்துச் செய்யுங்கள்.

பட்டியைக் கழற்றினால் எண்ணெயும் சேறும் மூடிய இடத்தில் இழைகள் அறுந்து, நுனியில் பச்சைக் களிம்பு. ஒல்டர்னேட்டர் என்ஜினோடு இருக்கிறது, லைட்டும் பெட்டரியும் சேசியோடு. இடையில் பாலம் உடைந்துவிட்டால் ஒல்டர்னேட்டர் எவ்வளவு உழைத்தாலும் பெட்டரிக்கு வந்து சேராது. இரவில் லைட் எரிவது பெட்டரியின் கையிருப்பில். காலையில் 'டிக்'. புதுப் பெட்டரி பத்து நாள் ஓடியதன் இரகசியமும் அதுவே, நிரம்பி வந்த கையிருப்பு தீரும் வரை ஓடியது. ஊசி ஏறியதும் அந்த உடைந்த பாலத்தால்தான்.

புதுப் பட்டியின் விலை சில நூறு ரூபா. இரண்டு நுனியும் பிடிக்கிற இடத்தை அரத்தாளால் மினுங்கத் தேய்த்து, பூட்டி இறுக்கி, மேலே வெசலின் பூசினார். அரை நாள் வேலை. நாலாயிரம் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஒரு வயருக்கா நாலாயிரம்?" என்று சிரித்தார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தச் சிரிப்புத்தான். சாமான் மாற்றினால் கேள்வி கேட்காமல் காசு கொடுக்கிறோம், கையில் ஒரு பெட்டி வருகிறது அல்லவா. தேடியதற்குக் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். பாஸ் அதைத் தன் வாயாலேயே சொன்னார்: "பெட்டரி போட்டா சலாம் சொல்லிக் காசு தாறாங்க சேர். தேடினதுக்குக் கேட்டா சண்டைக்கு வாறாங்க." பிறகு எந்தக் கராஜ்காரர் மூன்று மணித்தியாலம் வயருக்குப் பின்னால் அலைவார்? ஊகத்தில் சாமான் மாற்றுவதுதான் அவருக்கும் வயிற்றுப் பிழைப்பு. கராஜ்காரர்களை மட்டும் குறை சொல்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. வேனைக் கொடுக்கும்போதே "தேடுவதற்கு இவ்வளவு, சாமானுக்கு வேறு" என்று பேசிக் கொடுங்கள். எதை அளந்தார், எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். அளக்காமல் மாற்றச் சொல்கிறவரிடம் அவசரப்பட வேண்டாம்.

இது நம் பகுதிக்கு மிகவும் தேவையான பேச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தும் என்ன, அந்த விலைக்கு நம்மில் எத்தனை பேர் வாங்குவோம்? ஆகவே பழையதுதான் ஓடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கணக்காக நின்ற வாகனங்களில் எலி கடித்த வயர் இன்னும் டேப் சுற்றியபடி கிடக்கிறது. முகத்துவாரத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, உப்புக் காற்று இரும்பை விடாது. மாரியில் மாவிலி வெள்ளம் வெருகல் வரை ஏறும்போது அதற்குள்ளால் ஓடிய வேனின் கனெக்டர்களில் தண்ணீர் புகுந்தால், மாதங்கள் கழித்துத்தான் பச்சை பூக்கும்.

இரண்டு பழக்கங்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஒன்று, பியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவது அல்லது 15க்குப் பதில் 30 போடுவது. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். அந்த வயர் சீட் பஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் போகிறது, அதன் மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். பியூஸ் போகிற இடத்தில் 21 வோட் பல்பு ஒன்றைத் தொடுத்துவிட்டு வயர்க் கட்டை அங்கங்கே ஆட்டிப் பாருங்கள். எந்த இடத்தை ஆட்டும்போது பல்பு பளிச்சென்று முழுதாக எரிகிறதோ அங்கேதான் உராய்வு. பியூஸும் மிச்சம், வயரும் மிச்சம். மற்றது, என்ஜின் ஓடும்போதே பெட்டரி முனையைக் கழற்றி "ஒல்டர்னேட்டர் சரியா" என்று பார்ப்பது. வோல்ட் திடீரென்று எகிறி டயோட்டை எரித்துவிடும். ஓடும்போது பெட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் சோதனை.

முழு வயரிங்கையும் மாற்றிவிடு என்று சொல்கிறவர்களும் உண்டு. வயரின் தோல் காய்ந்து வெடித்திருந்தால் சரி. இல்லாவிட்டால் பெரும்பாலும் வீண், புதுப் பழுது வேறு சேரும்.

பாடசாலை வேன் வைத்திருப்பவர்களுக்காக நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு மீட்டரும் நல்ல தடித்த ஜம்பர் வயர் ஒரு சோடியும் வாங்கி வைத்திருக்கிறோம். வாடகை இல்லை. சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துப்போய் அஸருக்கு முதல் கொண்டுவந்து தாருங்கள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாவிட்டால் வாகனத்தோடு வாருங்கள், பத்து நிமிட வேலை. வருகிறவர்கள், எப்போது நிற்கிறது என்று ஒரு கிழமை எழுதிய கொப்பியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.