தலைவர்கள் எதைப் பார்க்கவேண்டும்?

சாரல் காலம் வந்துவிட்டால், குற்றாலத்துக்கு ஓய்வு தேடி வரும் பிரமுகர்களின் மோட்டார்கள் நமது இலஞ்சி வீதிகளிலும் ஓடுவது வழக்கம். பகலில் அருவி, மாலையில் விடுதி அறையில் டெலிவிஷன். இதை நாம் குறை கூறவில்லை. நடராஜப் பெருமானே சித்திர உருவில் ஆடும் சித்திரசபை அமைந்த ஸ்தலத்தில், படம் பார்ப்பதை இழிவென்று யார் சொல்வார்? ஆனால் தேசப் பொறுப்பைச் சுமக்கும் ஒருவர் தமக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தில் எதைப் பார்க்கிறார் என்பது அவர் சொந்த விஷயம் மாத்திரமன்று.

மகாத்மா காந்தி 1944 மே மாதம் விடுதலையாகி, பம்பாய் ஜூஹு கடற்கரையில் உடல் தேறிவந்த சமயத்தில் 'மிஷன் டு மாஸ்கோ' என்ற அமெரிக்கப் படத்தைக் காண நேர்ந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் விஜய் பட் தயாரித்த 'ராம ராஜ்யம்' என்னும் ஹிந்திப் படத்தைப் பார்த்தார். ஒதுக்கிய நேரத்துக்கு மேலும் அமர்ந்திருந்தார் என்பர். சினிமாவை ஒருபோதும் போற்றாதவர் அவர்.

இதைக் காட்டி, தலைவர்கள் பக்திக் கதைகளையே பார்க்கலாமென்று வாதிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். காந்தியடிகள் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் கால்நடையாகவும் தேசத்தைக் கண்டவர். ஏழையின் குடிசையைப் படத்தில் காணவேண்டிய அவசியம் அவருக்கில்லை. ஆகவே பழகிய கதையில் மனம் ஆறினார். இன்றைய தலைவரோ காவலர் வளையத்துக்குள்ளிருந்து, மோட்டாரின் கண்ணாடி வழியே ஜனங்களைப் பார்க்கிறார். அவரைச் சுற்றிலும் புகழ்ச்சியே ஒலிக்கிறது. அவருக்கு வேண்டுவது, மனத்தை உறுத்தும் படம்.

ஆகையால் 'தமஸ்' தொடரையே முதலில் சிபார்சு செய்வோம். பீஷ்ம ஸாஹ்னியின் நாவலைக் கொண்டு கோவிந்த் நிஹலானி எடுத்த இது, தேசப் பிரிவினைக் காலத்து வகுப்புக் கலகங்களைக் காட்டுவது. 1988-ல் தூர்தர்ஷனில் வந்தபோது, கலகம் மூளும், தடை செய்க என்று வழக்குத் தொடுத்தனர். பம்பாய் ஹைகோர்ட்டு நீதிபதிகள் இருவர் என்ன செய்தனர்? பிறர் வாய்மொழியை நம்பாமல் தாமே முழுத் தொடரையும் பார்த்தனர், தடை வேண்டாமென்றனர். சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஓயாத வேலையுள்ள நீதிபதிகளுக்குக் கிடைத்த அந்த சுமார் 5 மணி நேரம் மந்திரிகளுக்குக் கிடைக்காதா? கலகத்தை மூட்டியவன் ஒருவன், மாள்பவன் வேறொருவன் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய தொடரை நாம் அறியோம்.

அடுத்து, ஷியாம் பெனகல் 2014-ல் அப்போதைய ராஜ்ய சபா டெலிவிஷனுக்காக எடுத்த 'சம்விதான்', பத்தே பகுதிகள். அரசியல் நிர்ணய சபையில் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியவர்கள் பேச்சைக் காதுகொடுத்தும் கேட்டனர் என்பதை அதில் காணலாம். இன்றைய பார்லிமெண்டுக்கு இப்பாடம் அதிகப்படியாகாது. அவரே நேருஜியின் நூலைத் தழுவி எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகள் கொண்டது; சிலப்பதிகாரமும் சோழர் காலமும் அதில் உண்டு. அவகாசமில்லாதவர் அவற்றையேனும் பார்க்கட்டும். தென்னாடும் பாரதமே என்பதை வடநாட்டு மந்திரிகளுக்கு நாம் ஓயாமல் நினைவூட்டவேண்டியிருக்கிறதல்லவா?

இவை மூன்றும் ஹிந்தி. நமது மாகாணத் தலைவர்களுக்கென இவற்றைத் தமிழில் வழங்கும் வேலையைச் சென்னை நிலையம் மேற்கொள்ளலாம். நமது மலையின் பெயரால் 'பொதிகை' என்றிருந்து, 2024-ல் 'டிடி தமிழ்' என்று பெயர் மாறிய அந்த நிலையம், பல்லாண்டுகளாக 'வயலும் வாழ்வும்' ஒளிபரப்பிய நிலையமாகும். அதன் பழைய நாடாக்களில், விதையையும் உரத்தையும் பூச்சியையும் பற்றி விவசாயிகள் பேசும் அரைமணி நேரங்கள் எத்தனையோ இருக்கும். குற்றால விடுதியில் தங்கும் மந்திரி ஒருவர் அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு, மறுநாட் காலை இலஞ்சி வயல்களின் வரப்பில் இறங்கி நடப்பாராயின், உடன் செல்ல நாம் தயார்.