தராசைச் சோதிப்பவர் யார்?

கொழுந்து மடுவத்துத் தராசை அறியாதவர் எமது மலையகத்தில் எவரும் இலர். காலையில் மலைக்கு ஏறிய பெண், மழையிலும் வெயிலிலும் பறித்த கொழுந்தைச் சுமந்து வந்து அதன் முன்னால் நிற்கிறாள். அன்றைக்கு அவளுக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதை அந்தத் தராசின் முள்தான் தீர்மானிக்கிறது. கூடைக்கென்றும் தண்ணீருக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் வேறு. முள் காட்டுவது சரிதானா என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் யாரிடம் கேட்பது?

இதற்குச் சட்டம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி, வர்த்தகத்தில் பயன்படும் தராசுகளைப் பரிசோதகர் ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிட வேண்டும். பரிசோதகர் கொண்டுவரும் படிக்கற்களைத் திணைக்களத்தின் படிக்கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவற்றைத் தேசிய நியமத்தோடும், தேசிய நியமத்தைச் சர்வதேச நியமத்தோடும் ஒப்பிடுகிறார்கள். 1889 முதல் பாரிஸ் நகருக்கு அருகே பாதுகாக்கப்பட்ட ஓர் உலோக உருளையே உலகத்தின் கிலோகிராமாக இருந்தது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்குப் பதிலாக இயற்கையின் மாறிலி ஒன்றே அடிப்படையாகியுள்ளது. ஆக, மடுவத்துத் தராசிலிருந்து பாரிஸ் வரை ஒரு சங்கிலி நீள்கிறது. அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் நட்டம் அடைபவள் தராசின் முன் நிற்கும் பெண்தான்.

நிறைக்கு இருக்கும் இச் சங்கிலி தரத்திற்கும் உண்டு. "இத் தேயிலையில் நஞ்சு எச்சம் இல்லை" என்று ஓர் ஆய்வுகூடம் அறிக்கை தருகிறது. "இத் தோட்டத்தில் தொழிலாளர் முறையாக நடத்தப்படுகின்றனர்" என்று ஒரு நிறுவனம் சான்றிதழ் தருகிறது. அந்த ஆய்வுகூடத்திற்குத் தகுதி உண்டா, அந்த நிறுவனம் நேர்மையானதா என்று சோதித்துச் சொல்வதற்குத்தான் அங்கீகாரம் என்று பெயர். சான்று தருபவருக்கே சான்று தருவது என்று இதைச் சொல்லலாம்.

இலங்கையில் இப்பணிக்கென 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய அங்கீகாரச் சபை ஒன்று அமைக்கப்பட்டது. ஆய்வுகூடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17025, பரிசோதனை நிறுவனங்களுக்கு 17020, உற்பத்திப் பொருட்களுக்குச் சான்றிதழ் வழங்குவோருக்கு 17065 என்ற சர்வதேச நியமங்கள் உள்ளன. விண்ணப்பித்த நிறுவனத்தின் ஆவணங்களை முதலில் பார்க்கின்றனர். பின்னர் துறை வல்லுநர்கள் நேரில் சென்று, வேலை நடக்கும்போதே அருகில் நின்று கவனிக்கின்றனர். ஒரே மாதிரியைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துவருகின்றனவா என்றும் பார்ப்பதுண்டு. குறைகள் திருத்தப்பட்ட பின்னரே அங்கீகாரம் கிடைக்கும். சோதிக்கச் சென்றவர்களே இறுதித் தீர்மானத்தையும் எடுக்க முடியாது. அது வேறு ஆட்களின் பொறுப்பு. அங்கீகாரம் கிடைத்த பின்னரும் கண்காணிப்பு தொடரும். குறித்த காலத்தில் முழு மதிப்பீடு மீண்டும் நடைபெறும்.

இவ்விடத்தில் ஒன்றை மனதில் இருத்த வேண்டும். அங்கீகாரம் நிறுவனத்திற்கு மொத்தமாக வழங்கப்படுவதல்ல. குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. தேயிலையின் ஈரப்பதனை அளக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம், களைநாசினி எச்சத்தை அளக்கவும் அங்கீகாரம் பெற்றது என்று எண்ணிவிடலாகாது. பெயர்ப்பலகையைப் பார்த்து நம்பாமல், எந்தெந்தச் சோதனைக்கு என்ற பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"இதெல்லாம் கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளர் விவகாரம், எமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. தோட்டங்களில் களை மண்டியபோது வேறு களைநாசினிகள் கையாளப்பட்டன. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் எமது தேயிலையில் இருப்பது 2018 அளவில் ஜப்பானியச் சந்தையில் பிரச்சினையாகியது. தனியாக எல்லை வகுக்கப்படாத இரசாயனங்களுக்கு ஜப்பான் விதித்துள்ள பொது எல்லை, ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவை உலகம் நம்பும்படி அளந்து காட்ட வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இன்றியமையாதது. 2017 டிசம்பரில், ஒரு தேயிலைப் பொதியில் வண்டு ஒன்று காணப்பட்டதென்று ரஷ்யா இலங்கைத் தேயிலை முழுவதையும் நிறுத்தியது. அத்தடை சில நாட்களிலேயே நீங்கியது. நீடித்திருந்தால் முதலில் வேலைநாட்கள் குறைந்திருக்கும். அதன் பின்னரே கம்பனிகளின் இலாபம் குறைந்திருக்கும். சந்தை சுருங்கினால் முதலில் சுருங்குவது லயத்து அடுப்புத்தான்.

இதுவரை கூறியது தேயிலையைப் பற்றி. தேயிலையைப் பறிக்கும் மனிதரைப் பற்றிய சான்றிதழ்களும் இருக்கின்றன. ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ், பெயர்டிரேட் முதலிய முத்திரைகளை ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளில் கண்டிருப்பீர்கள். பெயர்டிரேட் சான்றிதழ் வழங்கும் ஃப்ளோசேர்ட் நிறுவனம் ஜெர்மனியின் பொன் நகரில் உள்ளது. அதற்கு ஜெர்மனியின் தேசிய அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் உண்டு. காகிதத்தில் சங்கிலி அறுபடாமலே இருக்கிறது. ஆனால் நாம் கண்ட ஒரு காட்சியையும் இங்கே கூற வேண்டும்.

நாம் அறிந்த தோட்டமொன்றில், பரிசோதனைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிடும். லயத்தின் முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பாய் வரும். மருந்தடிக்கும் ஆட்களுக்குக் கையுறையும் முகமூடியும் சப்பாத்தும் கொடுப்பார்கள். வந்தவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். உத்தியோகத்தர் ஒருவர் தமிழில் சொல்வார். தொழிலாளி, உத்தியோகத்தரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். அவர்கள் போன மறுநாள் கையுறையும் சப்பாத்தும் ஸ்டோருக்குத் திரும்பிவிடும். "வந்தவங்க பார்த்தது தோட்டத்தை இல்லீங்க, கல்யாண வீட்டை" என்று அங்குள்ள ஒரு தாய் எம்மிடம் சொன்னார்.

இதற்கு அங்கீகாரத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அதன் எல்லையையும் நாம் உணர வேண்டும். 2012 செப்டெம்பர் 11இல் பாகிஸ்தானின் கராச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றி 250க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் அத்தொழிற்சாலைக்குத் தொழிலாளர் நலன் பற்றிய சர்வதேசச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. வழங்கிய இத்தாலிய நிறுவனமும் அங்கீகாரம் பெற்றதே. எல்லா முத்திரைகளும் இருந்தன. உள்ளே வேலை செய்தவர்களின் குரல் மட்டும் எந்த முத்திரையிலும் இருக்கவில்லை.

பரிசோதனைக்குக் கட்டணம் செலுத்துபவர் பரிசோதிக்கப்படுபவரே என்பது இம்முறையின் பலவீனம். அதை ஈடுசெய்யத்தான், சான்றிதழ் வழங்குவோர் பக்கச்சார்பற்றவராக இருக்க வேண்டும், முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்க வேண்டும் என்று நியமங்கள் விதிக்கின்றன. சான்றிதழ் நிறுவனம் சரியாக விசாரிக்கவில்லையென்றால், அதற்கு அங்கீகாரம் அளித்த அமைப்பிடமே முறையிடலாம். இந்த வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் அது இருப்பதாகவே எமது மக்களுக்கு எவரும் தமிழில் சொன்னதில்லை. தெரியாத கதவு பூட்டிய கதவுக்குச் சமம்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. சான்றிதழ் பெற்ற ஒவ்வொரு தோட்டத்திலும் சான்றிதழ் நிறுவனத்தின் பெயர், அதற்கு அங்கீகாரம் அளித்த அமைப்பு, காலாவதித் திகதி, முறைப்பாடு அனுப்பும் முகவரி ஆகியவற்றைப் பிரட்டுக்களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தொழிலாளருடன் பேசுவோர் தமிழறிந்தவராகவும், பெண்களிடம் பேசுவோர் பெண்களாகவும் இருக்க வேண்டும். உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்கலாகாது. அறிவிக்காமல் வரும் பரிசோதனைகள் அதிகரிக்க வேண்டும். மடுவத்துத் தராசின் முத்திரை எந்த ஆண்டுக்குரியது என்பதைத் தொழிலாளர் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எமது பக்கத்திலும் கடமை உண்டு. தொழிற்சங்கங்களும் தோட்ட மாதர் சங்கங்களும் சமூகப் பணியாளரும் முறைப்பாட்டை எழுதவும் அனுப்பவும் துணை நிற்க வேண்டும். எழுதும்போது நாள், இடம், நடந்தது ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். கோபம் நியாயமானதாயினும் விசாரணைக்கு வேண்டியது விபரமே. தவறு செய்த தோட்டத்தின் சான்றிதழ் போய்விட்டால் சந்தை போய்விடுமே என்ற அச்சமும் எமக்குத் தெரியும். முறைப்பாட்டின் நோக்கம் சான்றிதழைக் கிழிப்பதல்ல. அதில் எழுதியிருப்பதை உண்மையாக்குவதே.

இன்னுமொன்று. 1925இல் தொடங்கி, தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நூறாண்டைக் கடந்துவிட்டது. அதன் வாசலைத் தாண்டிக் கொழுந்துக்குப் போனவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆய்வுகூடத்தில் வெள்ளை அங்கி அணிந்து நிற்கின்றனர்? உயர்தர விஞ்ஞானப் பிரிவு எமது தோட்டப்புறப் பாடசாலைகளில் வளராதவரை, எமது தேயிலையையும் வாழ்வையும் சோதித்துச் சான்று கூறுபவர் என்றும் வெளியிலிருந்தே வருவார்.

அடுத்த முறை மடுவத்துக்குப் போகும்போது தராசின் முத்திரையைப் பாருங்கள். ஆண்டைப் படியுங்கள். பழையதாக இருந்தால் கேளுங்கள். தனியாக அல்ல, நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.