உதாசீனம் என்னும் அபவாதம்

நம் தேசத்துப் படித்த வகுப்பாரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது. சீருடையினரின் கை ஓங்கிய காலங்களில் சாதாரண ஜனங்கள் அரசியலைக் கைகழுவிவிட்டு உதாசீனத்தில் ஆழ்ந்துவிடுகிறார்கள் என்பதும், ஐந்து நாள் ஆட்டத்தை ஐம்பது ஓவராகவும் இருபது ஓவராகவும் குறுக்கிய கிரிக்கெட் அந்த உதாசீனத்துக்குத் தூபம் போடுகிறது என்பதும், இவ்விரண்டுக்கும் கண்கண்ட சாட்சியாக மலையகத்து இளைஞனைக் காட்டலாம் என்பதுமே அதன் சாரம். இலங்கையிலேயே மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த பட்டிப்பொலயில், தேயிலையும் மரக்கறிப் பாத்திகளும் மாறி மாறி வரும் சரிவுகளுக்கிடையே வாழ்ந்து, நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் மென்பந்து ஆட்டத்தை அருகிலிருந்து பார்த்து வரும் எனக்கு, இக்கூற்றின் ஒவ்வோர் அங்கமும் பிழையென்றே படுகிறது.

படையாட்சியும் கிரிக்கெட்டும் கூடினால் மக்கள் உறங்கிப்போவார்கள் என்பதை, அவ்விரண்டும் உண்மையிலேயே கூடியிருந்த ஒரு தேசத்தில் வைத்துச் சோதிப்போம். பாகிஸ்தானில் 1977 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி ஸியா உல் ஹக், 1985 டிசம்பர் இறுதியில் இராணுவச் சட்டத்தை விலக்கிக்கொண்ட பின்னரும், ஜனாதிபதி பதவியையும் படைத்தலைமையையும் ஒருங்கே தம் கையில் வைத்திருந்தார். 1986 ஏப்ரல் 18ஆம் திகதி ஷார்ஜாவில் நடந்த ஒருநாள் ஆட்டத்தின் கடைசிப் பந்தை ஜாவேத் மியான்டாட் ஆறு ஓட்டங்களுக்கு அடித்து இந்தியாவை வீழ்த்தியதை அந்நாட்டு மக்கள் இன்றளவும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அதற்கு எட்டே நாட்களுக்கு முன், ஏப்ரல் 10ஆம் திகதி, வெளிநாட்டிலிருந்து லாகூருக்குத் திரும்பிய, ஸியாவின் அரசியல் எதிரியான பேநசீர் பூட்டோவை வரவேற்கத் திரண்ட ஜனசமுத்திரமும் அதே மக்கள்தான். ஆட்டம் அவர்கள் புத்தியை மயக்கிவிட்டது என்று சொல்பவர், அந்த எட்டு நாட்களையும் ஒருங்கே வைத்து விளக்கம் கூறவேண்டும். 2007இல் இருபது ஓவர் உலகக் கிண்ணம் முதன்முதலாக ஆடப்பட்டுப் பாகிஸ்தான் இறுதியாட்டம்வரை சென்ற அந்த ஆண்டில், ஆட்சியிலிருந்த தளபதி முஷாரப்பை எதிர்த்துச் சட்டத்தரணிகள் கறுப்பு அங்கியோடு வீதியில் நின்றார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவி துறந்தார்.

நம் தேசம் நேரடியான இராணுவ ஆட்சியைக் கண்டதில்லை. ஆயினும் அவசரகாலச் சட்டத்தின் நிழலிலும், 1979இல் பிறந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலிலும் ஒரு தலைமுறை வளர்ந்து முதிர்ந்திருக்கிறது. 2019க்குப் பின் ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் சிவில் நிர்வாக ஆசனங்களில் அமர்ந்ததையும் கண்டோம். அந்த ஆட்சியின் கடைசி மாதங்களில், எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற மக்கள், 2022 ஜூன் 24ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்துக்கு மஞ்சள் உடை தரித்துச் சென்று, துன்பகாலத்தில் தங்களைத் தேடி வந்து ஆடிய அவுஸ்திரேலிய அணிக்கு நன்றி கூறினார்கள். சரியாகப் பதினைந்தாம் நாள், ஜூலை 9ஆம் திகதி, ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று. அன்று காலியில் டெஸ்ட் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, மைதானத்தை நோக்கிய கோட்டை மதிலின்மேல் ஆர்ப்பாட்டக்காரர் ஏறி நின்று குரல் எழுப்பினர்.

இனி மலையகத்துக்கு வருவோம். உதாசீனர் என்று பழிக்கப்படும் நம் மலையகத் தமிழ்ச் சமூகம் 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தும் பயன் விளையவில்லை; வாக்குப்பெட்டி வழியாக நம்மவர் ஒருவர் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. 1964இல் இரு பிரதமர்கள் நம்மைக் கேளாமலே நம்மைப் பங்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கையொப்பமிட்டார்கள். வாயை அடைத்துவிட்டு, இவன் பேசமாட்டான் என்று சொல்வது நியாயமா? அந்த நிலையிலும் 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்து சிவனு லட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். அதற்கு வெகு முன்பே, 1940இல், முல்லோயாவில் கோவிந்தன் சம்பளப் போராட்டத்தில் உயிர்நீத்தார். 2018 அக்டோபர் 24ஆம் திகதி, ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் திரண்டவர்கள், கிரிக்கெட் பார்த்துக் கெட்டுப்போனதாக இவர்கள் குறைகூறும் அதே வயதுப் பிள்ளைகள்தாம்.

குறுகிய ஆட்டம் பொறுமையைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லவேண்டும். ஐந்து நாள் ஓய்வு யாருக்கு உண்டு? காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலையேறுகிறவருக்கு, நிர்ணயித்த கொழுந்து நிறை குறைந்தாலே அரைப்பேர்தான் விழும். ஒரு நாள் போகாவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிறும் போயா தினமும் மட்டுமே கைவசம் உள்ளவர்கள், ஆளுக்கு ஓர் ஓவர் வீசி, அணிக்கு ஐந்து ஓவராக ஆடி, பிற்பகல் பனிமூட்டம் இறங்கிப் பந்து கண்ணுக்கு மறையுமுன் ஒரு சுற்றையேனும் முடித்துவிட முடிவது, இந்தக் குறுகிய வடிவத்தின் கொடை. பள்ளத்தில் பந்து விழுந்தால் ஆட்டமிழப்பு என்று இங்கே ஒரு விதி உண்டு. ஒரு பந்து தொலைந்தால் மறு பந்து வாங்க எல்லார் சட்டைப்பையையும் தடவவேண்டும் என்பதால் பிறந்த விதி அது. மேலும், வலிமை குன்றியவனுக்கும் வாய்ப்பளிப்பது குறுகிய ஆட்டமே. 1995 முடிந்து 1996 பிறந்த பருவத்தில் அவுஸ்திரேலியாவில் மூன்று டெஸ்ட்களிலும் தோற்ற இலங்கை அணி, மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அதே அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கொணர்ந்தது. தோட்டத்துக்கு உழைக்க வந்த ஒருவரின் பேரனாகக் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் அந்த அணியில் இருந்தார் என்பதை லயத்து வீடுகளில் யாரும் மறக்கவில்லை.

வெற்றிக்கிண்ணத்தில் அரசியல்வாதியின் படம் ஒட்டியிருப்பதையும், தேர்தலுக்கு முந்திய மாதத்தில் மட்டையும் சீருடையும் தாராளமாக வந்திறங்குவதையும் நான் மறுக்கவில்லை, அது கேடுதான். ஆனால் ஒரு சுற்றுப்போட்டி நடத்த என்னென்ன வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அணிகளிடம் பெற்ற நுழைவுக் கட்டணத்தை அப்பியாசக் கொப்பியில் வரவு செலவாக எழுதி எல்லார் முன்னிலையிலும் வாசிக்கவேண்டும். நடுவரின் தீர்ப்பைச் சண்டையின்றி ஏற்கவேண்டும். யாவற்றுக்கும் முன், மைதானம் கம்பெனியின் குத்தகைக் காணியாதலால், தோட்டத்து நிர்வாகியான துரையிடம் மனுக் கொடுக்கவேண்டும். மனு எழுதும்போதுதான், தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் பந்தெறிய ஒரு துண்டு நிலமும் நமக்குச் சொந்தமில்லையே என்ற கேள்வி அந்தப் பிள்ளைக்கு எழுகிறது. தோட்டத் தலைவரிடம் கேட்கிறான். பின் பிரதேச சபை அங்கத்தவரிடம் கேட்கிறான். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் தன் நிதியைச் செலவிட வழியில்லாதிருந்த அந்தச் சபைக்கு, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வழி திறந்திருக்கிறது என்பதை அவன் அறிவான். ஆகவே இப்போது அவன் கொடுக்கும் மனுவில் மைதானத்தைச் செப்பனிடும் கோரிக்கையோடு, லயத்துக்குச் செல்லும் பாதையும் குடிநீர்க் குழாயும் சேர்ந்தே எழுதப்படுகின்றன.