பழைய பஸ்ஸுன்னா புகையைக் குடிச்சுத்தான் ஆகணுமா?



இந்த வாரம் கோடை உழவு பத்தி எழுதறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். அதைவிட அவசரமான ஒண்ணு இருக்கு. எங்க ஊர் வழியா ஓடுற பஸ்ஸுக்குள்ள வர்ற புகை. பஸ் பேரை எழுதப் போறதில்லை. உங்க ரூட்டுலயும் இப்படி ஒண்ணு ஓடிட்டுத்தான் இருக்கும், அதனால பேர் முக்கியமில்லை.

முன்னாடி இன்ஜின் வெச்ச பழைய டீசல் பஸ். டிரைவருக்குப் பக்கத்துல பானெட். கூட்ட நேரத்துல ஸ்கூல் பிள்ளைங்க அந்த பானெட்டை ஒட்டித்தான் நிக்கும், சிலது அது மேலயே உக்காந்துக்கும். இன்ஜின்ல இருந்து புகை வெளியேறுற மேனிஃபோல்டு ஜாயிண்ட்ல லீக். பானெட்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் எப்பவோ போயிடுச்சு, கோணிச் சாக்கைப் போட்டு மூடியிருக்காங்க. மேட்டுல ஏறும்போது பாருங்க, பொம்பளைங்க முந்தானையை மூக்குல வெப்பாங்க, ஆம்பளைங்க துண்டை எடுப்பாங்க. பிள்ளைங்க இருமும். கேட்டா ஒரே பதில்: "பழைய வண்டிங்க, அப்படித்தான் இருக்கும்."

இந்தப் பதிலைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

நாம விவசாயிங்க. ஆயில் இன்ஜின் நமக்குப் புதுசு இல்லை. மோட்டார் ரூமுக்குள்ள ஆயில் இன்ஜின் வெச்சா, முதல் வேலையா சைலன்சர் குழாயைச் சுவத்துல ஓட்டை போட்டு வெளியே விடுறோம். கிணத்துக்குள்ள இன்ஜினை இறக்கி ஓட்டி, உள்ளே இறங்கினவங்க மூச்சடைச்சுச் செத்த சேதியைப் பேப்பர்ல படிச்சிருக்கோம். அதே டீசல், அதே புகை. அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பஸ்ஸுல ஜன்னல் திறந்திருக்கிறதால உடனே ஒண்ணும் ஆகலை, அவ்வளவுதான். மழைக்கு ஷட்டரை இறக்கிட்டா? உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு 2012-லயே உறுதியாச் சொல்லிடுச்சு. நாம அரை மணி நேரத்துல இறங்கிடுவோம். டிரைவர் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதைத்தான் சுவாசிக்கிறார்.

சரி, இது சரி பண்ண முடியாத வியாதியா? இல்லவே இல்லை. காலையில இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினா 'டிக் டிக்'னு அடிக்கும். சூடேறி இரும்பு விரிஞ்சதும் சத்தம் குறையும். ஜாயிண்டைச் சுத்திக் கரி படிஞ்சிருக்கும். அதுதான் லீக் இருக்கிற இடம். கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆனா நடக்கிற வைத்தியம் என்ன? எம்-சீலை அப்பி, தகரத்தைச் சுத்தி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கி அனுப்புறாங்க. லோடு ஏத்தி மேடு ஏறும்போது மேனிஃபோல்டு பக்கம் சூடு நானூறு, ஐநூறு டிகிரி போகும். எம்-சீல் அங்கே எத்தனை நாளைக்கு நிக்கும்? பொரிஞ்சு உதிர்ந்துடும். சில இடத்துல ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்துறாங்க. அது தேஞ்சு தூளாச்சுன்னா அந்தத் தூளும் நுரையீரலுக்கு எமன்.

ஒழுங்கான வேலைன்னா இதுதான். மேனிஃபோல்டைக் கழட்டணும். துருப்பிடிச்ச நட்டுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்குற ஆயில் விட்டு ஊறவெக்கணும். ஸ்டட் உடைஞ்சா அது மேல ஒரு நட்டை வெல்டு வெச்சுத் திருகி எடுக்கணும். மேனிஃபோல்டு முகம் வளைஞ்சிருக்கான்னு நேர்ச்சட்டம் வெச்சு, ஃபீலர் கேஜ் விட்டுப் பாக்கணும். வளைஞ்சிருந்தா பட்டறையில கொடுத்து முகத்தைச் சமன் பண்ணணும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. நட்டை நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, ரெண்டு மூணு சுத்தா முறுக்கணும். ஓட்டிச் சூடாக்கி, ஆறினப்புறம் இன்னொரு தடவை முறுக்கைப் பாக்கணும். வார்ப்பு இரும்புல விரிசல் விட்டிருந்தா சும்மா வெல்டிங் பத்தவெச்சா பக்கத்துலயே அடுத்த விரிசல் விடும். சூடு பண்ணி வெல்டு வெச்சு, மெதுவா ஆறவிடணும்.

இன்னொண்ணு. கேஸ்கெட் மாத்தி ஒரே மாசத்துல மறுபடி லீக்குன்னா, பின்னாடி போய்ச் சைலன்சரைப் பாருங்க. அதைத் தொங்கவிடுற ஹேங்கரோ ரப்பரோ அறுந்திருக்கும். மொத்த எடையும் குலுக்கலும் முன்னாடி ஜாயிண்டைத்தான் இழுக்கும். அதைச் சரி பண்ணாம கேஸ்கெட் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கேஸ்கெட், ஸ்டட், நட்டு எல்லாம் சேர்த்தாலும் அந்த பஸ் ஒரு நாள் குடிக்கிற டீசல் காசுக்குள்ள அடங்கிடும். செலவு பொருள்ல இல்லை. ஒரு நாள் வண்டியை நிறுத்தணும், அதுதான் அவங்களுக்கு வலிக்குது. ஓனர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒரு நாள் நின்னா கலெக்‌ஷன் போச்சு, டைமிங்கை இன்னொருத்தன் பிடிச்சுக்குவான். ஆனா டர்போ வெச்ச வண்டியில அதுக்கு முன்னாடி லீக் இருந்தா இழுவை குறையும், டிரைவர் ஆக்சிலேட்டரை இன்னும் அமுக்குவார், டீசல் கூடக் குடிக்கும். அந்தக் காசு தினமும் போகுதே, அது கணக்குல வராதா? சூடான புகை ஒயர் மேலயும் டீசல் டியூப் மேலயும் அடிச்சு ஒரு நாள் தீப்பிடிச்சா, அந்தக் கணக்கை யார் கட்டுவாங்க? மெக்கானிக்கைக் குறை சொல்லாதீங்க. ராத்திரி பத்து மணிக்கு வண்டியை விட்டுட்டு விடியக்காலம் நாலரைக்கு வேணும்னா, அவர் கம்பிதான் கட்டுவார்.

"எங்ககிட்ட புகை சர்டிபிகேட் இருக்கு, எப்.சி. இருக்கு"ம்பாங்க. புகை டெஸ்ட்டுக்குக் கருவியைப் பின்னாடி வால் குழாய்லதான் சொருகுறாங்க. முன்னாடியே பிள்ளைங்க மூக்குக்குள்ள போற புகையை அது எப்படி அளக்கும்? எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷம் ஒரு தடவை எப்.சி. அப்ப பானெட்டைத் திறந்து ஜாயிண்ட்ல கரி இருக்கான்னு பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியா நம்ம சங்கதி. டிக்கெட்டுல ஒரு ரூபாய் கூடக் கேட்டா பஸ்ஸையே நிறுத்திச் சண்டை போடுறோம். புகைக்கு மட்டும் துண்டை மூக்குல வெச்சுட்டு வாய் மூடி உக்காந்திருக்கோம். மகளிருக்கு இலவசம்கிறதால கேக்கக் கூடாதுன்னு எங்க பக்கத்து வீட்டு அக்காவே சொல்றாங்க. அந்த இலவசத்துக்குப் பணம் அரசாங்கம் கட்டுது, அது நம்ம வரி. கேக்க உரிமை இருக்கு.

வண்டி நம்பர், தேதி, நேரம் எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல மனு கொடுங்க. இல்லைன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல கொடுங்க. ஒருத்தர் கையெழுத்தை விட ஊர்ல அம்பது பேர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். டிரைவர் மேல கோவிச்சுக்காதீங்க, முடிஞ்சா அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்குங்க. அவர்தான் நம்ம எல்லாரையும் விட அதிகமா அந்தப் புகையைக் குடிக்கிறார்.

நான் எங்க ஊர் மனுவை எழுதி டீக்கடையில வெச்சிருக்கேன். நம்ம ஊர்க்காரங்க போற வர்ற வழியில கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.