365 படிகள்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், திருத்தணிகை மலைப் படிகளில் அடியேன் பாதி வழியிலேயே அமர்ந்துவிட்டேன். அம்மலையின் 365 படிகளும் ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர் பெரியோர். எனக்கோ 150ஆம் படியிலேயே ஆண்டு முடிந்துவிட்டது. பேத்தியின் உடல்நலத்துக்காக நடந்தே ஏறுவதாக நேர்ந்துகொண்ட பிரார்த்தனை அது. மலைமேல் செல்ல நல்ல சாலை உண்டு; ஆயினும் முருகனிடம் சொன்னது படி வழி அல்லவா? "நீங்கள் இங்கேயே இருங்கள், நான் போய் அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன்" என்று என் மனைவி கூறிச் சென்றபோது, தலை நிமிர்ந்து பார்க்க நாணினேன்.

மருத்துவர் முதலில் அளந்தது என் இடுப்பை. இந்திய ஆடவருக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்டிருக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாதாம். எனக்கு 104, எடை 86 கிலோ. "நான் விரதம் தவறாதவன், ஐயா" என்றேன். "விரதத்தன்று என்ன உண்பீர்கள்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கியபின்தான் என் பக்தியின் கணக்கு எனக்கே விளங்கிற்று.

ஏகாதசியன்று சோறு உண்ணேன், உண்மைதான். காலையில் ரவை உப்புமா, மாலையில் இரண்டு அடையும் வெல்லமும், இடையிடையே காபி. பழ ஆகாரம் என்பதே பலகாரம் ஆயிற்று என்பர். எங்கள் இல்லத்தில் பழம் மறைந்து எண்ணெய்ச் சட்டி மட்டும் எஞ்சியிருந்தது. கோயிலிலோ, ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வாங்கி, நின்றபடியே விழுங்கிவிட்டு, மீண்டும் வரிசையில் நிற்பேன். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு. அரைமணி நேர விரைவு நடையில் செலவாவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டாம் தொன்னையின் நெய்யை அவ்வளவு எளிதாக நடந்து கரைத்துவிட முடியாது.

நடையிலும் இதே பிழைதான். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், மறுநாள் கால்வீக்கம், அடுத்த பௌர்ணமிவரை தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டர். கிரிவலத்தின் புண்ணியம் குறித்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் உடல், மாதத்தில் ஒருநாள் செய்யும் பெருமுயற்சியை மதிப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 30 நிமிடமென ஐந்து நாள் நடந்தால் அது நிறைந்துவிடும். எங்கள் ஊர்க் கோயிலின் மாடவீதிகளை விடியலில் மும்முறை வலம்வரத் தொடங்கினேன். முதல் பதினைந்து நாள் எடைப்பொறி அசையவே இல்லை. இவ்விடத்தில்தான் பலரும் கைவிட்டுவிடுகின்றனர். நானும் இருமுறை கைவிட்டவன்தான்.

உணவில் செய்த மாற்றம் சிறிது. இலையைச் சுற்றி நீர் தெளித்து, ஒரு கணம் கண்மூடி, பின் பேசாமல் உண்ணும் என் தந்தையாரின் வழக்கத்தை மீட்டுக்கொண்டேன். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட இருபது நிமிடம் ஆகுமாம்; தொலைக்காட்சியின் முன் ஐந்தே நிமிடத்தில் உண்பவனுக்கு அச்செய்தி எப்போது கிட்டும்? வயிற்றில் இருபங்கு உணவு, ஒருபங்கு நீர், ஒருபங்கு வெறுமை என்று அஷ்டாங்க ஹிருதயம் வகுத்ததும் இதனை ஒட்டியே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரைநோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி விரதம் இருத்தல் கூடாது. அதற்காக எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. விளம்பரங்கள் கூறும் வேகத்துக்கு இது ஒன்றுமில்லை. டிசம்பர் 31 அன்று தணிகையில் நடைபெறும் படித்திருவிழாவில், அடியார்கள் படிதோறும் நின்று, பூசித்து, திருப்புகழ் பாடியே ஏறுவர். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த அம்முறையை எண்ணியபடி, பங்குனியில் மீண்டும் மலையடியில் நின்றேன். விரையவில்லை. அமர்ந்தது ஒரே ஒரு முறை, அதுவும் என் மனைவிக்குத் தாகமெடுத்ததால்.

அர்ச்சனை முடிந்து, ஒரு தொன்னைப் பொங்கலை மூவராகப் பகிர்ந்துகொண்டோம். பேத்திக்குத்தான் முந்திரி எல்லாம் போயிற்று.